மூன்று சன்னல் வீட்டுக்கு எந்த ஆம்ப்ளிபையர்?

காஜா பேராங், மலாக்கா
7.6.1962

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு, விஜயா எழுதிக்கொண்டது.

முதலில் ‘அன்புள்ள’ என்று எழுதி அடித்திருக்கிறேன். உங்கள் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. நலமா என்று கேட்கவும் மனம் வரவில்லை. வாசிக்கப் போன கல்யாணப் பந்தலிலிருந்து கட்டின வேட்டியோடு பஸ் ஏறிப் போனவரிடம் நலம் என்ன விசாரிப்பது?

நீங்கள் சிங்கப்பூரில் நடராஜன் அண்ணன் அறையில் தங்கியிருப்பதாக ஜெயபாலன் வந்து சொன்னார். உங்கள் குழுவில் டிரம்ஸ் அடிக்கிறவருக்கு இருக்கிற அக்கறை என் கழுத்தில் தாலி கட்டியவருக்கு இல்லை. தையல் கடை முதலாளியும் ஆள் அனுப்பிக் கேட்டார். பாதி தைத்த காற்சட்டைகள் மேசையிலேயே கிடக்கின்றனவாம். உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தேன். உங்களுக்காக நான் சொன்ன பொய்களில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது சமாதானக் கடிதம் அல்ல. ஆம்ப்ளிபையர் விஷயமாக எழுதுகிறேன். ஷரீஃபுதீன் நானா தம் ரேடியோக் கடையிலிருந்து பெரியது ஒன்று, சின்னது ஒன்று கொடுத்தனுப்பி, இரண்டையும் வாசித்துப் பார்த்துவிட்டு மாதக் கடைசிக்குள் ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொன்னாரல்லவா? இரண்டும் நம் கூடத்தில்தான் கிடக்கின்றன. பெரியதை ஜெயபாலனும் அவர் தம்பியும் புக்கிட் ரம்பாய்க் கல்யாண வீட்டிலிருந்து மூச்சு வாங்கத் தூக்கி வந்து போட்டார்கள். கித்தாரும் வந்துவிட்டது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்று எழுதுங்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் மேடையில் இருந்தீர்கள், நான் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து அது எப்படி இருந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் அப்பா. அதனால் அவருக்கு மாலை போட்டு, முன்வரிசையில் சம்பந்திகளுக்கு நடுவே நாற்காலி போட்டிருந்தார்கள். நெஞ்சு வலி வந்து, திடீர்ச் சத்தம் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு அவர் வெளியே போனதே அன்றுதான். சட்டைக்கு நானே கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். சந்தனம் பூசிய கையை மடியில் வைத்துக்கொண்டு, உங்களைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன்.

நீங்கள் மைக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பெரிய ஆம்ப்ளிபையரின் சிவப்பு விளக்கு எரியவில்லை என்று ஒவ்வொரு திருகாகத் திருப்பினீர்கள். ஒன்றையும் விடாமல் கடைசிவரைக்கும் திருப்பினீர்கள். பிறகு கரண்ட் வரவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு ஜெயபாலனோடு பேச நின்றீர்கள். திடீரென்று பந்தல் முழுவதும் உங்கள் குரல்.

“எங்க மாமனாரு கண்ண மூடுனாதான் வீட்டுல இத தொறந்து வாசிக்க முடியும்.”

அதற்குப் பிறகு ஜெயபாலன் சிரித்த சிரிப்பும் கேட்டது. அதுவும் நின்ற பிறகு ஆம்ப்ளிபையரின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஒரு பிள்ளைகூட அழவில்லை.

நான் எழுந்து வந்து மேடைக்குக் கீழே நின்று கேட்டது கேட்டதுதான். எங்கப்பா சோற்றைத் தின்றுகொண்டு அவர் சாவுக்கா காத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். நன்றி கெட்டவர் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டிருக்கும். ஒரு மகள் வேறு என்ன செய்வாள்? நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், வாயைத் திறந்தீர்கள், மூடிக்கொண்டீர்கள். மைக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்பக்கமாகப் போனீர்கள்.

மறுநாள் நானா கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பெட்டியைத் திறந்து பார்த்து, கரண்ட் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது, விளக்கின் பல்புதான் போயிருக்கிறது என்றார். நம் ரேடியோவைப் போல உள்ளே வால்வுகள் பேசாமல் சூடேறிக்கொண்டிருந்தனவாம், சூடானதும் பேசிவிட்டதாம். தம் பல்பினால் ஒரு பெரிய மனிதருக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பல்பு விற்றவர் வந்து மன்னிப்புக் கேட்டார். பேசினவர் சிங்கப்பூரில் இருக்கிறார்.

அப்பா இப்போது இங்கே இல்லை. செமாபோக்கில் என் தங்கை சீதா வீட்டுக்குப் போய்விட்டார். பந்தலை விட்டு அவர் எழுந்து போகவே இல்லை. அட்சதை போட்டார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், வெற்றிலை போட்டுக்கொண்டார். காரில் வரும்போது, பந்தலில் சத்தம் நன்றாகக் கேட்டது என்று மட்டும் சொன்னார். மறுநாள் நானா போன பிறகு இரண்டு வேட்டியையும் மருந்துச் சீசாவையும் பையில் போட்டுக்கொண்டார். தங்கை வீட்டு வாசலில் கார் வந்து நிற்கும்வரை என்னோடு பேசவில்லை. இறங்கும்போது சொன்னார்: “மாப்பிள வந்தா நாலு சன்னலையும் தொறந்து வச்சி வாசிக்கச் சொல்லும்மா.” சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் இறங்கிப் போன மாதிரி என் எதிரிகூட இறங்கிப் போகக் கூடாது.

ஆம்ப்ளிபையர் பற்றி மட்டும் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
மருதமுத்து மகள் விஜயா


காஜா பேராங், மலாக்கா
16.6.1962

அத்தான் அவர்களுக்கு விஜயா எழுதுவது.

உங்கள் அட்டை கிடைத்தது. தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுத்திருப்பார். படித்தாலும் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. ‘இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிடு. மாமாவுக்கு இந்த வாரம் மருந்து தீரும், ஆஸ்பத்திரியில் வாங்கிக் கொடுத்தனுப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து வாங்கி அனுப்பிவிட்டேன். எனக்கு அது மறந்தே போயிருந்தது. உங்களுக்கு நினைவிருந்திருக்கிறது.

இரண்டையும் எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஆவணியில் மூன்று கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இனிமேல் பழைய ரேடியோப் பெட்டியில் கித்தாரைச் சொருகிக்கொண்டு போய் நின்றால் டவுன் குழுக்காரர்கள் சிரிக்க மாட்டார்களா? அதனால் நானே இரண்டையும் போட்டுப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் காது இருக்கிறது. நீங்கள் ஐந்து வருஷமாக அந்தக் கித்தாரோடு படுகிற பாட்டைக் கேட்ட காது.

சின்னது தோளில் தொங்குகிற பெட்டி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் சத்தத் திருகை மூன்றில் வைத்தாலே குரல் இனிக்கிறது. ஏழுக்கு மேல் போனால் கரகரக்கிறது. அந்தக் கரகரப்பு உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பந்தலில் ஜெயபாலன் டிரம்ஸுக்கு முன்னால் அது எடுபடாது என்று நீங்கள் சொன்னதும் சரிதான். பெரியது ஒன்றில் வைத்தால் கொசு ரீங்காரம் மாதிரி இருக்கிறது. இரண்டுக்குப் போனால் அடுக்களைத் தட்டெல்லாம் ஆடுகிறது. நீங்கள் அந்த ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்துக்கொண்டு, அப்பா அறைப் பக்கம் பார்த்துக்கொண்டே வாசிப்பீர்களே, அது நினைவுக்கு வந்தது.

இப்போதுதான் வீட்டில் ஒருவரும் இல்லையே என்று ஐந்துக்குத் திருப்பி, எல்லாத் தந்தியையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினேன். பக்கத்தில் பூங்காவனம் அக்கா வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது. கம்போங் செட்டியிலிருந்து பலகாரம் விற்க வருகிற அம்மாள் கூடையோடு வாசலில் நின்றுவிட்டார். அத்தான், அது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா இல்லாத வீட்டில் அது நன்றாக ஒலித்தது என்று எழுதவே கை கூசுகிறது. உடனே நிறுத்திவிட்டேன். பலகாரக்கார அம்மாள் என் முகத்தைப் பார்த்து, ‘தாக் அபா’, பரவாயில்லை என்று மலாயில் சொல்லிவிட்டு ஒரு பொட்டலத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். அவருக்கும் செய்தி தெரிந்திருக்கிறது. காஜா பேராங்கில் தெரியாதவர் யார்?

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தேன். எழுத வேண்டியதை எழுதாமல் என்னென்னவோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒரு வரி இருக்கும் என்று பயந்துகொண்டேதான் வாங்கினேன். ‘அது நீ சொன்னதுதானே?’ என்று ஒரு வரி. நீங்கள் எழுதவில்லை. பந்தலில் வாயைத் திறந்தீர்களே, அப்போதும் அதைத்தானே சொல்ல வந்தீர்கள்? சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. நீங்கள் திருப்பித் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பெரியது வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டு அப்பா படுத்திருந்தார். நீங்கள் ஒன்றில் வைத்து வாசித்துப் பார்த்து, இது பேசவே மாட்டேன் என்கிறதே என்று கித்தாரைத் துணியில் சுற்றினீர்கள். உங்கள் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நம் அறையில் வந்து உட்கார்ந்ததும், தோளில் இடித்து, கவலைப்படாதீர்கள், அப்பா கண்ணை மூடினதும் நாலு சன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கலாம் என்றேன். நீங்கள்தான் பதறிப்போய் என் வாயைப் பொத்தினீர்கள். அதற்குள் எனக்குச் சிரிப்பு வந்து உங்களுக்கும் தொற்றிக்கொண்டது. தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தோம். பெற்ற மகள் பேசுகிற பேச்சா அது? ஆனால் அன்று எனக்கு அது பேச்சாகவே தோன்றவில்லை. உங்களைச் சிரிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதைத்தான் நீங்கள் ஜெயபாலனிடம் சொல்லியிருக்கிறீர்கள். என் பேரைச் சொல்லாமல் உங்கள் பேச்சாகவே சொல்லியிருக்கிறீர்கள். அதற்குத்தான் நான் அத்தனை பேர் முன்னால் நன்றி கெட்டவர் என்றேன். சோற்றைச் சொல்லிக் காட்டினேன். வீட்டோடு மாப்பிள்ளையாக வர மாட்டேன் என்று நின்றவரை, அப்பாவைத் தனியாக விட முடியாது என்று அழுது கூட்டி வந்தவளே நான்தான்.

இன்னொன்று. பந்தலில் நீங்கள் சன்னலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஜெயபாலனிடமும் கேட்டுவிட்டேன், அவரும் இல்லை என்கிறார். அப்படியானால் அப்பா காரிலிருந்து இறங்கும்போது நாலு சன்னல் என்றாரே, அது அவருக்கு எப்படித் தெரியும்? பூங்காவனம் அக்கா கடுகு தாளித்தால் நாம் தும்முகிற வீடு இது. நம் அறைக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைதான்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

இப்படிக்கு,
விஜயா


காஜா பேராங், மலாக்கா
24.6.1962

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு, உங்கள் விஜயா வணங்கி எழுதுவது.

இந்தத் தாளில் அடித்தல் இல்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு முகம் இல்லை. ஆனால் நடந்ததை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

போன திங்கட்கிழமை செமாபோக் போனேன். சீதா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அப்பா முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து நானும் கொஞ்சம் கீரையை எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனது ஒன்றும் வாயில் வரவில்லை. காம்பையெல்லாம் இலையோடு சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா அதைப் பொறுக்கிப் பொறுக்கி வெளியே எறிந்தார். கடைசியில், அது நான் சொன்னது அப்பா என்றேன்.

அப்பா நிமிரவில்லை. “தெரியும்மா. நம்ம வீட்டுல ஏது நாலு சன்னலு? மூணுதான.”

அன்றைக்கு அவர் தூங்கவில்லை. நீங்கள் வாசித்ததைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாராம். நான் சொன்னதைக் கேட்டதும், நாலாவது சன்னல் எது என்று படுத்தபடியே எண்ணிப் பார்த்தாராம். எண்ணி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். நாம் சிரித்ததும் கேட்டதாம். இந்த வீட்டில் இரண்டு பேர் சிரிக்கிறார்களே, இருக்கட்டும் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

அதைக் கேட்டதும் எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. மன்னித்துவிட்டார் என்று நினைத்து அழுதேன். அழுது முடிக்கும்வரை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“நீ சொன்னது வலிக்கல. அவரு சொன்னதும் வலிக்கல. சாவு வரத்தான செய்யும். உன் பேச்ச அவரு சொமந்துகிட்டு நின்னப்ப நீ அவரையே ஏசுன பாரு, அதாம்மா தாங்கல.”

அதனால்தான் வீட்டை விட்டுப் போனாராம். உங்கள் மேல் கோபத்தில் போகவில்லை அத்தான். என் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. நானாக வந்து சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நானோ அவருக்காகப் பரிந்து பேசுகிற மகள் என்ற நினைப்பில் சீதா வீட்டுக்குச் சோறும் குழம்பும் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தேன். அதையும் அவர் பேசாமல் சாப்பிட்டிருக்கிறார்.

இனி என்ன செய்வது என்று கேட்டேன். நாலு பேர் முன்னால் ஏசியதை மூடின கடிதத்தில் திருப்பி வாங்க முடியாது என்றார். சரியாகத்தான் சொன்னார். முதலில் புக்கிட் ரம்பாய்க்குப் போய்ப் பெண் வீட்டாரிடம் சொன்னேன். அவர்கள் மரியாதைக்குக் காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு எழுந்து வந்தேன். பிறகு உங்கள் முதலாளியிடம், உங்களுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, என் வாய்தான் சரியில்லை என்று சொன்னேன். கடைசியாகப் பூங்காவனம் அக்காவிடம் சொன்னேன். அக்காவிடம் சொன்னால் ஆம்ப்ளிபையர் வேண்டியதில்லை, சூடேறக்கூட நேரம் ஆகாது என்பது உங்களுக்கே தெரியும். அன்று சாயங்காலம் குழாயடிக்குப் போனபோது பேச்சு நின்றது. குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இத்தனை நாள் எல்லோரும் என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்றார்கள். அது எனக்குச் சுகமாக இருந்திருக்கிறது என்பது நேற்றுத்தான் தெரிந்தது. இப்போது அப்படி யாரும் சொல்வதில்லை.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் இரண்டு ஆம்ப்ளிபையரையும் போட்டுக் காட்டச் சொன்னார். டாக்டர் சொன்னதைச் சொல்லித் தடுத்தேன். எதிர்பாராத சத்தம்தான் கூடாது, எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற சத்தத்துக்கு நெஞ்சு என்ன செய்யும் என்றார். வழக்குப் பேசத் தெரிந்தவரோடு நான் என்ன பேசுவது? அவரே கேட்டுப் பார்த்து, சின்னதை வைத்துக்கொள் என்றார். பெரியது பந்தலுக்கு ராஜா, ஆனால் வருஷத்தில் பந்தல் எத்தனை நாள், வீடு எத்தனை நாள் என்று கேட்டார். நானாவும் அதையே சொன்னார். கல்யாணத்தில் சின்னதன் முன்னால் ஒரு மைக்கை வைத்து, மைக் செட்காரர் ஒலிபெருக்கிக் குழாயில் கொடுத்துவிட்டால் பந்தல் முழுவதும் கேட்குமாம். தூக்கவும் ஆள் வேண்டாம். பெரியதை நேற்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது சின்னதன் சிவப்பு விளக்கை நாலு தரம் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டுப் போனார், பாவம்.

இது உங்களைக் கேட்காமல் செய்த முடிவு. வேண்டாம் என்றால் பெரியதையே மறுபடி வாங்கிக்கொள்ளலாம், நானா மாதக் கடைசிவரை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் வந்து பார்த்துச் சொல்லுங்கள்.

நீங்கள் வருவீர்களா என்று அப்பா கேட்கவில்லை. சாயங்காலமானால் சின்னதைத் தாமே போட்டுவிட்டு, வால்வு சூடேறும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். யார் வாசிக்கப் போகிறார்கள் என்று ஒரு நாள் கேட்டேன். சூடாக இருக்கட்டும் என்றார்.

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை அத்தான். இரண்டு தாள் எழுதியும் அந்தச் சொல் சரியான இடத்தில் வந்து உட்காரவில்லை. அதனால் வேறொன்று கேட்கிறேன். நீங்கள் கித்தார் எடுக்க வேண்டாம். வாசிக்க வேண்டாம். வந்து கூடத்தில் நின்று, அன்று பந்தலில் நான் உங்களை ஏசியதைவிடச் சத்தமாக என்னை ஒரு தரம் ஏசிவிடுங்கள். அப்பா கேட்கட்டும், பூங்காவனம் அக்கா கேட்கட்டும். மூன்று சன்னலையும் திறந்தே வைத்திருக்கிறேன்.

நடராஜன் அண்ணனுக்கு என் வணக்கம். பஸ்ஸில் சன்னலோரம் உட்கார வேண்டாம், உங்களுக்குச் சளி பிடிக்கும். முச்சந்திப் பிள்ளையார் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
விஜயா